கொல்லையில் நாலு கோழி: ஒரு கணக்கு

ஹாஸ்டல் மெஸ்ஸில் முட்டை போடும் நாளன்று க்யூ எவ்வளவு நீளம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த முட்டை அனேகமாக நாமக்கல் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்ததாக இருக்கும். அங்கே கூண்டில் நிற்கும் ஒரு லேயர் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடுகிறது. நம்ம ஆச்சி வீட்டுக் கொல்லையில் திரியும் நாட்டுக்கோழியோ 60 போடும், ரொம்ப நல்லா கவனிச்சா 80. எஃபிஷியன்சி என்று பார்த்தால் போட்டியே இல்லை. அப்புறம் எதுக்கு அதை வளர்க்கணும்?

இந்தக் கேள்விக்கு நம்ம தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் சொல்ற மாதிரிதான் பதில் சொல்லணும்: முதல்ல சிஸ்டம் பவுண்டரியைப் போடுங்க. கூண்டுக் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். மக்காச்சோளம், சோயா, எல்லாமே காசு கொடுத்து வாங்குவது. கொல்லைக் கோழி தின்பது மீந்த சோறு, காய்கறித் தோல், களத்தில் சிந்திய நெல், புல், பூச்சி, புழு. சாயங்காலம் அடைக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி குருணையோ தவிடோ போடுவார்கள். அதாவது, வேறு எதற்கும் ஆகாத பொருளை எடுத்து அது புரோட்டீனாக மாற்றித் தருகிறது. ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 6 கிராம் புரோட்டீன் இருக்கும். ஐந்து பெட்டைக் கோழி, ஆளுக்கு 70 முட்டை என்று வைத்தால் வருஷத்துக்கு 350. வீட்டுக்குத் தினம் ஒரு முட்டை, ஏறக்குறைய செலவில்லாமல். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பமான அக்காவோ இருந்தால் அந்த ஒரு முட்டை சின்ன விஷயம் இல்லை.

சரி, ஏன் 60-தான்? சோம்பேறித்தனம் இல்லைங்க. நாட்டுக்கோழி 12, 15 முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. குஞ்சு பொரித்த பிறகு இரண்டு மாதத்துக்கும் மேல் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அந்தக் காலம் முழுக்க முட்டை கிடையாது. இப்படி வருஷத்துக்கு நாலு சுற்று வந்தாலே பெரிசு. லேயர் ரகத்தில் இந்த அடைக்கு உட்காரும் குணத்தையே தேர்வு செய்து தேர்வு செய்து கழித்துவிட்டார்கள். அதனால்தான் அது முட்டை மெஷின். ஆனால் தானாக அடுத்த தலைமுறையை உருவாக்க அதற்குத் தெரியாது. நம்ம கோழி முட்டையும் போடும், இன்குபேட்டராகவும் இருக்கும், குஞ்சுகளுக்குச் செக்யூரிட்டியாகவும் இருக்கும். த்ரீ இன் ஒன்.

இசிஇ, ஈஈஈ மக்கள் யாராவது மினி ப்ராஜெக்டாக இன்குபேட்டர் செய்து பார்த்தால் இதன் அருமை புரியும். 37.5 டிகிரி செல்சியஸ் இருக்கணும், ஒரு டிகிரி கூடினாலே ஆபத்து. ஈரப்பதம் 55, 60 சதவீதம். முட்டையைத் தினம் பல தடவை திருப்பணும், இல்லாவிட்டால் கரு ஓட்டின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். 18-ம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரப்பதத்தைக் கூட்டணும். சென்சார், ரிலே, மோட்டார் வைத்து நாம் செய்யும் இத்தனையையும் அந்தக் கோழி வயிற்றுச் சூட்டையும் அலகையும் வைத்துச் செய்துவிடுகிறது, கரண்ட் பில் இல்லாமல். ஆனாலும் ப்ராஜெக்ட் வீண் இல்லை. முட்டைகளை இன்குபேட்டருக்கு மாற்றிவிட்டு, கோழியின் அடையைத் தெளிய வைத்தால் அது சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். கோழி வளர்ப்பைப் பற்றி யூடியூபில் லாபக் கணக்கு சொல்பவர்கள் பலர் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். 1920-களில் இந்தியாவில் ராணிக்கெட் என்ற மலை ஊரில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். இது வைரஸ். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு வாங்கும், கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பூசி போடாத வீட்டில் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகிவிடும். “கோடையில் சீக்கு வந்து எல்லாம் போயிடுச்சு” என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வார்களே, பெரும்பாலும் இதுதான்.

தடுப்பு மருந்து இருக்கிறது. குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8-வது வாரம் ஊசி. பிரச்சினை மருந்தில் இல்லை, லாஜிஸ்டிக்ஸில். ஒரு குப்பி 100 கோழிக்கும் அதற்கு மேலும் வரும். கடைசி வரைக்கும் குளிர்ச்சியிலேயே இருக்கணும். கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒருத்தர் எப்படி வாங்குவார்? இதற்கு விடை தெரு. பத்து வீடு சேர்ந்தால் ஒரு குப்பி வீணாகாது. கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். நம்ம கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனத்தோடு கொடுக்கக்கூடிய குருணை வடிவ மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. முகாம் எப்போது என்று தெரியாமல் போவதுதான் நிறைய வீடுகளில் நடப்பது. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட உங்களால் முடியும் இல்லையா?

மிச்ச எதிரிகள் கீரி, மரநாய், பாம்பு, பருந்து. ராத்திரி கதவு உள்ள கூண்டு, குஞ்சுக்குப் பகலில் கவிழ்த்த பஞ்சாரம், இவ்வளவு போதும். குஞ்சுகளுக்குக் கரையான் நல்ல தீனி. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் டிபன் ரெடி.

பணம்? இங்கே முட்டை எண்ணிக்கையைவிட யார் கையில் காசு வருகிறது என்பதைத்தான் நான் பெரிசாக நினைக்கிறேன். நிலம், மாடு எல்லாம் பெரும்பாலும் அப்பா கணக்கு. கோழி அம்மா கணக்கு. முட்டை விற்ற காசு சிறுவாட்டுக் காசு, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆடு எஃப்டி என்றால் கோழி ஏடிஎம்: அவசரத்துக்கு ஒரு சேவலைப் பிடித்துக் கொடுத்தால் அன்றைக்கே கையில் பணம். நம்மில் சிலருடைய எக்ஸாம் ஃபீஸில்கூட அந்தக் காசு கொஞ்சம் இருக்கும், வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதனால்தான் ஒரு வெள்ளைக்கழிச்சலில் போவது வெறும் கோழி மட்டும் இல்லை. இதையே “முதலீடு செய்யுங்கள், மாதாமாதம் வருமானம்” என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

போகிற போக்கில் இரண்டு சந்தேகம். பிரவுன் ஓடு என்றால் நாட்டுக்கோழி முட்டை என்று அர்த்தம் இல்லை. ஓட்டின் நிறம் ரகத்தைப் பொறுத்தது, பிரவுன் முட்டை போடும் லேயர் ரகமும் உண்டு. மஞ்சள் கரு அடர் நிறமாக இருப்பது பச்சிலை தின்பதால். அப்புறம், முட்டை போடச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு வேண்டும் என்றால்தான் தேவை.

கோழி எருவை நேரடியாகச் செடியில் போடாதீர்கள், நைட்ரஜன் அதிகம், வேர் கருகிவிடும். மக்க வைத்துப் போட்டால் வாழையும் முருங்கையும் எழும்பி வரும். கூண்டைச் சுத்தம் செய்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

செமஸ்டர் லீவில் ஆரம்பிப்பதாக இருந்தால் நாலு வாரம் தாண்டிய, தடுப்பு மருந்து போட்ட குஞ்சாக வாங்குங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோஸ், பச்சை என்று சாயம் போட்டு விற்கும் குஞ்சுகளை வாங்கிவிட்டு முட்டைக்குக் காத்திருக்க வேண்டாம். அவை பெரும்பாலும் லேயர் பொரிப்பகங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள்.