பழைய மோட்டார் வண்டியின் ஸ்டீரிங் சக்கரமும் அதற்கேற்ற மரையாணிகளும்

பெங்களூரு நகரின் ஜே.சி. சாலையில் மோட்டார் உதிரி உறுப்புக்களை விற்கும் கடைகள் நெருக்கமாக அமைந்துள்ளன. சிவாஜிநகர்ப் பகுதியில் பழைய வண்டிகளைப் பிரித்து, அவற்றின் உறுப்புக்களை விற்போர் பலர் உளர். பழங்கால வண்டிகளைச் செப்பனிடுவோர் இவ்விரு இடங்களையும் நாடுவது வழக்கம். விளக்கு, கதவு, சக்கரம் போன்ற பெரிய உறுப்புக்களைக் கண்ணால் பார்த்தே இனங்கண்டு கொள்ளலாம். தொல்லை தருவன சிறிய உறுப்புக்களே. அவற்றுள்ளும் ஸ்டீரிங் சக்கரத்தைத் தண்டுடன் பிணைக்கும் நட்டு, பூட்டுவளையம், ஹாரன் பொத்தானைத் தாங்கும் சிறு திருகாணிகள் ஆகியவற்றைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது தனிக் கவனம் வேண்டும் பணியாகும். ஓட்டுபவரின் உயிர் அந்த ஒரு நட்டைப் பற்றியே நிற்கிறது எனலாம்.

சக்கரத்தின் அமைப்பு

ஸ்டீரிங் சக்கரத்தின் நடுவில் குடம் என்னும் பகுதி உள்ளது. அதன் உட்புறத்தில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். தண்டின் மேல்முனையிலுள்ள பற்கள் அவற்றுள் பொருந்துகின்றன. சில பழைய வண்டிகளில் பற்களுக்குப் பதிலாகச் சரிவான முனையும் சாவி என்னும் சிறு இரும்புக் கட்டையும் இருக்கும். கையின் திருப்பு விசையைத் தண்டிற்குச் செலுத்துபவை பற்களோ சாவியோ ஆகும். சக்கரம் மேல்நோக்கிக் கழன்றுவிடாமல் காப்பது நட்டு.

1930 முதல் 1950 வரையிலான பல பிரிட்டிஷ் வண்டிகளில் தண்டு உள்ளீடற்றது. அதனுள்ளே சுழலாத மெல்லிய குழாய் ஒன்று செல்லும். ஹாரனுக்கும் திசைகாட்டிக்கும் உரிய கம்பிகள் அக்குழாயின் வழியே மேலே வருகின்றன. ஆகவே சக்கரத்தின் நடுவில் இயந்திர உறுப்புக்களும் மின்சார உறுப்புக்களும் ஒருங்கே உள்ளன. இவ்விருவகை உறுப்புக்களும் ஒரே வகை மரையைக் கொண்டவை அல்ல என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும்.

மரைகள் பலவாயினமை

1841-ஆம் ஆண்டில் ஜோசஃப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் மரைகளுக்கு ஓர் ஒழுங்கான முறையை வகுத்தார். அம்முறையில் மரையின் கோணம் 55 பாகை. அதே கோணமும் நெருக்கமான புரிகளும் கொண்ட பி.எஸ்.எஃப். மரை 1908-இல் தோன்றியது. மின்சாரக் கருவிகளிலும் நுண்கருவிகளிலும் பி.ஏ. என்னும் மரை வழங்கியது. இதன் கோணம் 47½ பாகை. அமெரிக்காவில் 60 பாகைக் கோணமுள்ள மரை நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமற் போன இடர்ப்பாட்டை உணர்ந்து, அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948-இல் ஓர் உடன்பாடு செய்து கொண்டன. அதன் பயனாக எழுந்தவையே யு.என்.சி., யு.என்.எஃப். என்னும் ஒருங்கிணைந்த மரைகள். ஐரோப்பாவில் மெட்ரிக் மரை வழங்கியது. இதன் கோணமும் 60 பாகையே.

இந்தியச் சாலைகளில் இவை யாவும் கலந்தே ஓடின. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பி.எஸ்.எஃப். மரையும் பி.ஏ. மரையும் உள்ளன. 1957-இல் வெளிவரத் தொடங்கி 2014 வரை உற்பத்தியான அம்பாஸிடர் வண்டி, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழிவந்தது; அதனால் அதில் ஒருங்கிணைந்த மரைகளை மிகுதியாகக் காணலாம். பம்பாயில் உருவான ஃபியட் 1100 இத்தாலிய மூலத்தைக் கொண்டது. அதில் மெட்ரிக் மரையே உண்டு. இவற்றினும் விந்தையான ஒன்று உண்டு. மாரிஸ் நிறுவனத்தின் எஞ்சின்கள் பலவற்றில் 1950-களின் நடுப்பகுதி வரை மரை மெட்ரிக் முறையிலும், ஆணியின் தலை விட்வொர்த் ஸ்பானருக்கு ஏற்ற அளவிலும் இருந்தன. ஆகவே எந்த ஸ்பானர் பொருந்துகிறது என்பதைக் கொண்டு மரையின் வகையை முடிவு செய்தல் தவறாகும்.

ஏமாற்றும் ஒற்றுமைகள்

நம் நாட்டில் 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைமுறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்று சாதாரண இரும்புக் கடையில் எளிதில் கிடைப்பது மெட்ரிக் மரையே. அது பழைய மரையுடன் ஏறத்தாழப் பொருந்திவிடுவதில்தான் அபாயம் இருக்கிறது. மூன்று எடுத்துக்காட்டுக்களைக் காண்போம்.

முதலாவது, 0 எண் பி.ஏ. திருகாணி. இதன் விட்டம் 6 மில்லிமீட்டர். புரியிடைத் தூரம் 1 மில்லிமீட்டர். எம் 6 என்னும் மெட்ரிக் திருகாணிக்கும் இவையே அளவுகள். ஆயினும் கோணம் ஒன்றில் 47½ பாகை, மற்றதில் 60 பாகை. அளந்து பார்ப்பவர் இரண்டும் ஒன்றே எனக் கருதிவிடுவார்.

இரண்டாவது, கால் அங்குல விட்வொர்த் மரையும் கால் அங்குல யு.என்.சி. மரையும். இரண்டிலும் ஓர் அங்குலத்திற்கு 20 புரிகள் உள்ளன. இங்கும் வேறுபாடு கோணத்தில்தான். கோணம் வேறுபட்டால் புரிகளின் சரிவுகள் முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. ஒரு விளிம்பில் மட்டுமே தொடுகின்றன. முழுப் பரப்பும் தாங்க வேண்டிய சுமையை அவ்விளிம்பே தாங்குவதால், அதிர்வு ஏற்படும்போது அது நசுங்கி, நட்டுத் தளர்கிறது.

மூன்றாவது, 5/16 அங்குல யு.என்.எஃப். ஆணி. இதன் விட்டம் 7.94 மில்லிமீட்டர். அங்குலத்திற்கு 24 புரிகள் இருப்பதால், புரியிடைத் தூரம் 25.4 ÷ 24 = 1.058 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியிடைத் தூரமும் கொண்ட மெட்ரிக் நட்டு ஒன்றை இதில் ஏற்றினால், முதல் சில புரிகள் எளிதாக ஏறும். ஒவ்வொரு புரிக்கும் 0.058 மில்லிமீட்டர் வீதம் பிழை சேர்ந்துகொண்டே போகும். 5 புரிகளில் அது 0.29 மில்லிமீட்டர் ஆகும். அப்போது நட்டு இறுகி நிற்கும். பணியாளர் அதனை நன்கு முடுக்கப்பட்ட நட்டு என எண்ணுவார். உண்மையில் அது முடுக்கப்பட்டதன்று, சிக்கிக் கொண்டது. மேலும் திருகினால் இரண்டின் புரிகளும் அழியும்.

அளந்து அறியும் முறை

சக்கரத்தைக் கழற்றுமுன் குடத்திலும் தண்டிலும் நேர்க்கோடாக ஓர் அடையாளம் இட வேண்டும். நட்டை முற்றிலும் எடுத்துவிடாமல், சில புரிகளில் நிற்கவிட்டுப் புல்லர் கருவியால் சக்கரத்தை இழுக்க வேண்டும். இல்லையேல் சக்கரம் திடீரென விடுபட்டு முகத்தில் மோதக்கூடும். பின்புறத்திலிருந்து சுத்தியலால் அடித்தல் கூடாது.

கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும், உடைந்ததாயினும், சீட்டு ஒட்டிப் பாதுகாத்தல் வேண்டும். உடைந்த ஆணியே சரியான ஆணிக்குச் சான்று. அதன் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவியால் அளக்கலாம். புரியிடைத் தூரத்தை அறிய, ஆணியின்மேல் வெள்ளைத் தாளை வைத்து நகத்தால் அழுத்தி, பதிந்த கோடுகளை ஓர் அங்குல நீளத்திற்கு எண்ணலாம். ஆணி குட்டையாயின் அரை அங்குலத்தில் எண்ணி இரட்டிப்பாக்கலாம். கோணத்தை அறிவதற்கு மரை அளவி என்னும் பல்தகடுகள் தேவை. தகட்டை மரையில் வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் இடையே ஒளிக்கீற்றுத் தெரிதல் கூடாது. வண்டியைச் செய்த நிறுவனம் வெளியிட்ட உறுப்புப் பட்டியல் கிடைக்குமாயின், முடிவை அதனுடன் ஒப்பிட்டுக் கொள்வது நலம்.

கடையில் தேடும்போது ஆணியின் தலையையும் கவனிக்க வேண்டும். ஒன்றோடொன்று தொடும் சிறு வட்டங்கள் பொறிக்கப்பட்டிருப்பின் அது ஒருங்கிணைந்த மரை. 8.8 போன்ற எண் இருப்பின் அது மெட்ரிக் ஆணியின் வலிமைத் தரத்தைக் குறிக்கும். நட்சத்திரப் பள்ளமுள்ள திருகாணி 1930-களில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. அதற்கு முந்திய வண்டியில் ஒற்றைக்கோட்டுப் பள்ளமுள்ளதே பொருந்தும்.

நட்டைக் கையாலேயே முழுத் தொலைவும் திருக முடிய வேண்டும். ஸ்பானரின் உதவியின்றி இறுதிவரை செல்லாத நட்டு, அந்த ஆணிக்கு உரியதன்று. முடுக்கிய பின் ஆணியின் ஒரு புரியேனும் நட்டிற்கு வெளியே தெரிதல் வேண்டும். மடிப்புப் பூட்டுவளையத்தையும் பிளவு ஊசியையும் ஒருமுறைக்கு மேற் பயன்படுத்தலாகாது.

முலாமும் கடைசல் வேலையும்

பழைய உறுப்புக்களைப் பளபளப்பாக்கக் குரோமிய முலாம் பூசுவது வழக்கம். முலாமிடுமுன் அமிலத்தில் தோய்க்கும்போதும், மின்னாற்பகுப்பின்போதும் தோன்றும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுகிறது. சாதாரண மென்னிரும்பிற்கு இதனால் பெருந்தீங்கில்லை. ஆனால் கடினமாக்கப்பட்ட எஃகு நொறுங்குந் தன்மை அடைகிறது. ஹாரன் வில்சுருளும் வலிமை மிக்க ஆணியும் முலாமிட்ட சில நாட்களில் தாமாகவே முறிவதற்கு இதுவே காரணம். முலாமிட்ட சில மணி நேரத்திற்குள் சுமார் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருந்தால் ஹைட்ரஜன் வெளியேறும். பிணைப்பு நட்டிற்கு முலாம் பூசாமல் விடுவதே சிறந்தது. அது மூடியின் கீழ் மறைந்துதான் இருக்கும்.

எங்கும் கிடைக்காத திருகாணியைக் கடைந்து கொள்ளலாம். 1953-இல் எச்.எம்.டி. தொழிற்சாலை அமைந்த பெங்களூரில் தேர்ந்த கடைசல் பணியாளருக்குக் குறைவில்லை. பீணியா தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் மிகப் பல. மெட்ரிக் கடைசல் பொறியில் அங்குல மரை வெட்டுவதற்கு 127 பற்கள் கொண்ட பற்சக்கரம் பயன்படுகிறது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதனை 5-ஆல் பெருக்கினால் 127 என்னும் முழு எண் கிடைக்கிறது. பிழையற்ற மாற்றத்திற்கு அவ்வெண்ணே வழி செய்கிறது. எனினும் வெட்டும் உளியைச் சரியான கோணத்தில் தீட்டுவதும், மூல நட்டின் வலிமைக்குக் குறையாத எஃகைத் தெரிந்தெடுப்பதும் இன்றியமையாதவை.

மூல வடிவத்தின் மதிப்பு

50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் பேணப்படும் வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய மைய அரசு 2021-இல் விதி வகுத்துள்ளது. சிறு திருகாணிகளை அவ்விதி தனித்துக் கூறவில்லை. ஆயினும் ஒரு வண்டி எந்நாட்டில், எக்காலத்தில், எந்த அளவைமுறையில் செய்யப்பட்டது என்பதற்கு அவையே மெய்யான சான்றுகள்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாகவும் அமைக்கலாம். பழைய இரும்புக் கடையிலிருந்து பத்து ஆணிகளை வாங்கி, மாணவரைக் கொண்டு விட்டத்தையும் புரிகளையும் அளந்து வகைப்படுத்தச் செய்தால், திருகு அளவியில் கற்ற புரியிடைத் தூரம் வெறும் வாய்பாடு அன்று என்பது அவர்களுக்கு விளங்கும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்கு என்னும் சிறு வேறுபாடு, ஓடும் வண்டியின் கட்டுப்பாட்டையே பறித்துவிடக்கூடும் என்பதையும் அவர்கள் தாமே கண்டறிவர்.