பழைய கேமராவின் கண்ணைத் துலக்குதல்

ஒளியின் இயல்பை ஆராய்ந்து, 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் அரிய நூலை யாத்தவர் இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை; பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகின்றது என்பது அவர் நிறுவிய உண்மை. கேமராவும் ஒருவகைக் கண்ணே. ஒளி வரும் வழியில் மாசு படியுமாயின் காட்சி மங்கும்.

இதனை நாம் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பொருநை கரைபுரண்டது. ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. நெல்லையில் ஆற்றங்கரைத் தெருவிலிருந்த எம் இல்லத்தினுள்ளும் வெள்ளம் புகுந்தது. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த குடும்ப ஆல்பங்கள் கூழாயின. மேல்தட்டில் இருந்தமையால் எம் தந்தையாரின் யாஷிகா இரட்டை வில்லைக் கேமரா மூழ்காது எஞ்சியது. ஆயினும் சேற்றுநீர் அதன் முகத்தில் தெறித்திருந்தது. தோலுறை முழுவதும் ஈரம். பதற்றத்தில் கைக்குட்டையால் வில்லையைத் துடைத்தோம். வண்டலின் நுண்மணல் கண்ணாடியில் ஒரு கீறலை இட்டது. அது நாம் செய்த பிழை.

இரு திங்களில் வில்லைகளுக்கிடையே சிலந்தி வலை போன்ற இழைகள் படர்ந்தன. அவை பூஞ்சை. ஈரமும் இருளும் காற்றோட்டமின்மையும் அதனை வளர்க்கும். தூசும் விரல்ரேகையின் எண்ணெய்ப் பசையும் அதற்கு உணவாகும். பூஞ்சை கசியவிடும் அமிலம் வில்லையின் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். பூஞ்சையை அகற்றலாம், அரித்த தழும்பை அகற்ற இயலாது. ஆதலின் காலந்தாழ்த்தல் ஆகாது.

இத்தகைய கேமராவில் மேல்வில்லை நாம் பார்ப்பதற்கு, கீழ்வில்லை படமெடுப்பதற்கு. முதலில் இருட்டறையில் கைவிளக்கை வில்லையின் பின்புறம் சாய்வாகப் பிடித்து, மாசு எப்பரப்பில் உள்ளது எனக் காணல் வேண்டும். பின்னர்க் கீழ்வில்லையின் முன்தொகுதியை விரல்களால் இடப்புறமாகத் திருகினால் அது வெளிவரும். இறுகியிருப்பின் ரப்பர்த் துண்டால் பற்றித் திருகலாம். குறடு கூடவே கூடாது. தொகுதிக்குள் இருக்கும் வில்லைகளைப் பிரிக்க இருமுனைத் திறவுகோல் வேண்டும். எப்பக்கம் முன்னோக்கியிருந்தது என்பதைக் கழற்றும்பொழுதே தாளில் வரைந்துகொள்ளல் நன்று. கழற்றிய உறுப்புகளை முட்டைத் தட்டின் குழிகளில் வரிசைப்படி வைத்தால் முறை மாறாது. ஷட்டரைப் 'பி' நிலையில் திறந்து வைத்தால், பின்வில்லையின் உட்பரப்பை முன்புறமிருந்தே துடைக்கலாம்.

துடைப்பதற்கு முன் ரப்பர்க் குமிழால் ஊதித் தூசை அகற்றுக. அதன்பின் மென்தூரிகை, இறுதியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தமின்றித் துடைத்து, ஒவ்வொரு முறையும் பஞ்சை மாற்றல் வேண்டும். திரவத்தை வில்லையின் மீது நேரே ஊற்றலாகாது. ஒட்டிய இரட்டை வில்லைகளை ஊறவைத்தலும் தீது; இடையிலுள்ள பசை விட்டுப்போகும்.

மேல்வில்லையைக் கழற்ற நேர்ந்தால் அதன் இருப்பைப் பென்சிலால் குறித்தல் இன்றியமையாதது. அது சிறிது மாறினும் நாம் காணும் தெளிவும் படச்சுருளில் விழும் தெளிவும் வேறுபடும். யாவும் பூட்டியபின் படச்சுருள் அமரும் இடத்தில் மெல்லிய டிரேசிங் தாளை ஒட்டி, தொலைவிலுள்ள ஒரு பொருளை நோக்குக. நாம் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்தை நோக்கினோம். தாளில் தலைகீழாய் விழுந்த கோபுரமும் மேல்திரையில் தெரிந்த கோபுரமும் ஒருசேரக் கூர்மை பெற்றன.

முதற்சுருளில் 12 படங்கள் எடுத்தோம். சாளர ஒளியை எதிர்நோக்கி எடுத்தவற்றில் நமது கைக்குட்டைக் கீறல் வெண்மூட்டமாய்த் தெரிந்தது. ஒளிக்கு முதுகு காட்டி நின்று எடுத்த எம் தாயாரின் படமோ தெளிவாக அமைந்தது. ஆல்பங்களை இழந்த இல்லத்தில் அது புதிய முதற்பக்கம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து அலமாரியிலும் இத்தகைய கேமரா ஒன்று உறங்கக்கூடும். ஐப்பசி மழைக்கு முன் அதனைத் தோலுறையிலிருந்து வெளியே எடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலமிட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். வில்லையில் சேறு தெறித்தால் முதலில் ஊதுங்கள், கைக்குட்டையைத் தொடாதீர்கள்.