பின்சுவர் இல்லாத ஹெட்போன்

ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு முன்னோக்கி அசையும்போது காதுக்கு ஓர் ஒலி கிளம்புகிறது. அதே கணத்தில் சவ்வின் முதுகுப்பக்கத்திலிருந்து, அளவில் சமமாகவும் போக்கில் நேரெதிராகவும், இன்னோர் ஒலி பிறக்கிறது. கேட்பவருக்கு வேண்டாத அந்த இரண்டாவது ஒலியை எங்கே அனுப்புவது?

மூடிய வகையில் பின்னால் கெட்டியான கிண்ணம் இருக்கும். பின்னொலி அதன் சுவரில் மோதித் திரும்பி, சவ்வை ஊடுருவிக் காதுக்கே வந்துவிடும். வெறும் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் சில சுருதிகள் மட்டும் பெருத்துக் கேட்குமே, ஒத்ததிர்வு எனப்படும் அதே விளைவு இங்கும் தலைகாட்டும். பஞ்சு அடைத்து அதை அடக்குவது நுணுக்கமான வேலை. ‘ஓப்பன் பேக்’ எனப்படும் திறந்த வகையோ பின்சுவரையே எடுத்துவிடுகிறது. வலைத்தகட்டின் வழியே பின்னொலி அறைக்குள் போய்க் கரைகிறது. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் கொண்டுவந்த எச்டி 414 இவ்வகையில் முதலாவது. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. குறைந்த விலைத் திறந்த ஹெட்போன்கள்கூடத் தெளிவாக ஒலிக்க இதுவே முக்கியக் காரணம்: கிண்ணத்தோடு போராட வேண்டியதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 17 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைகளில் முன்னொலியும் பின்னொலியும் சுற்றிவந்து சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியில்லாத ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்து போவது இதனால்தான். ஹெட்போனில் அது பெருமளவு தப்பிப் பிழைப்பதுதான் வியப்பு! சவ்வு காதுக்கு ஓரிரு சென்டிமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. காது மெத்தை இரண்டு ஒலிகளையும் பிரித்து வைக்கிறது. ஆனாலும் அடியாழத்து பேஸ் சற்று இளைத்தே கேட்கும். மூக்குக்கண்ணாடியால் மெத்தை சரியாகப் படியாவிட்டால் இன்னும் இளைக்கும்.

அடுத்த அதிசயம் சவ்வை அசைக்கும் கம்பிச்சுருளில் இருக்கிறது. மெல்லிய கம்பியைப் பல சுற்றுகள் சுற்றினால் மின்னெதிர்ப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் மொத்தத் தடை, ஏறும். 32 ஓம் ஹெட்போனுக்கு 1 மில்லிவாட் கொடுக்க 0.18 வோல்ட் போதும்; 250 ஓம் ஹெட்போனுக்கு 0.5 வோல்ட் வேண்டும். பதிலுக்கு அது இழுக்கும் மின்னோட்டம் குறைவு. ஒரே ஆம்ப்ளிபயரில் பல ஹெட்போன்களை மாட்டும் ஸ்டுடியோவுக்கு அது பெரிய வசதி. ஆனால் அதைக் கைபேசியில் செருகினால், பல கைபேசிகளில் ஒலி மெலிந்தே வரும்.

இப்போது சில ஹெட்போன்களை ஒப்பிடலாம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் புகழ்பெற்ற வடிவம் 250 ஓம். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி அதன் ஒலி துருத்திக்கொண்டு எழும். ஜால்ராவும் சிம்பலும் மினுமினுக்கும்; பாடகரின் ‘ஸ’, ‘ஷ’ குத்தும். வீட்டில் ரசிக்கலாம். பாட்டை மிக்ஸ் செய்பவரோ இல்லாத கூர்மையைக் குறைக்கப் பார்ப்பார். வெளியே போகும் பாட்டு மங்கிவிடும். ஏகேஜி கே240 ஸ்டுடியோ 55 ஓம், பாதி திறந்த வகை. பேஸ் ஆழம் போதாது, குரல் முன்னால் நிற்கும், கேபிளைக் கழற்றி மாற்றலாம். பிலிப்ஸ் எஸ்எச்பி9500 32 ஓம் என்பதால் கைபேசியிலேயே பாடும். 2020-இல் வந்த சென்ஹைசர் எச்டி 560எஸ் 120 ஓம். விலை சற்றுக் கூடுதல். அதில் ஒலி பிறக்கும் பாகம் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒலி சற்று முன்னாலிருந்து வந்து செவிமடலின் மடிப்புகளில் பட்டு உள்ளே போகிறது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்க அந்த மடிப்புகளும் உதவுகின்றன. இவற்றில் நேர்மையான ஒலி இதனுடையது என்பேன்.

எதை வாங்கினாலும், பாடகர் மைக் முன் நிற்கும்போது திறந்த வகையைத் தரவேண்டாம். வெளியே கசியும் பின்னணி இசை அப்படியே பதிவாகிவிடும். அங்கே மூடிய வகைதான் சரி. மிக்ஸிங்குக்கு எச்டி 560எஸ், கைபேசியில் நேரடியாகப் பாட்டுக் கேட்க எஸ்எச்பி9500. 250 ஓம் டிடி 990-ஐ ஆம்ப்ளிபயரோ ஆடியோ இன்டர்பேஸோ கையில் வந்தபிறகு யோசியுங்கள்.