தேயிலையின் குறையறியும் பயிற்சி

கந்தப்பளையில் முன்னாளில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையாய் விளங்கிய கட்டடம் இன்று சுற்றுலா விடுதியாய் உளது. பழைய இயந்திரங்கள் சிலவற்றை அங்கே காணலாம். அவற்றை இயக்கியோரின் குறையறியும் திறனைக் காட்சிக்கு வைத்தல் இயலாது. அத்திறன் ஒருவர்க்கு எங்ஙனம் கைகூடுகின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கொழுந்து, வாட்டல், அரைத்தல், புளிக்கவிடல், உலர்த்தல் முதலிய படிகளைக் கடந்து தேயிலையாகின்றது. புளிக்கவிடல் என வழங்கினும், ஆங்கு நிகழ்வது இலைச்சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும் மாற்றமே. அது குறைந்தால் தேநீர் பச்சை வாடையுடன் கசக்கும். மிகுந்தால் உறைப்பிழந்து மந்தமாகும். உலர்த்தும் சூடு போதாதவிடத்தும், அம்மாற்றம் உடனே நில்லாது தொடர்வதால், தேநீர் மந்தமாகும். ஆகவே ஏறக்குறைய ஒரே குறைக்குக் காரணம் இரண்டு. காரணத்தைப் பிறழ உணர்ந்து வேறொரு படியைத் திருத்தினால் மறுநாட் கொழுந்தும் கெடும். பனியிலும் மழையிலும் நின்று அதனைப் பறித்தவர்களின் உழைப்பும் வீணாகும்.

பயில்வோனுக்கு அவன் தீர்ப்பின் சரி பிழையை அறிவித்தல் இன்றியமையாதது. அமெரிக்க உளவியலறிஞர் தோர்ண்டைக், கண்களை மூடிய நிலையில் குறித்த நீளமுள்ள கோடுகளைச் சிலரை வரையச் செய்து, அதன் முடிவை 1927இல் வெளியிட்டார். சரி பிழை அறியாது வரைந்தவர் திருந்தவில்லை, அறிந்தபின் திருந்தினர். கொழும்பில் 1883 முதல் நடைபெறும் தேயிலை ஏலத்தின் மதிப்பு தோட்டத்தை எட்டுமுன் நாட்கள் பல கழியும். அதற்குள் அன்றைய வாட்டமும் சூடும் நினைவினின்று அகலும். ஆதலின் தொழிற்சாலையிலேயே நாடோறும் சுவைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும், விடையை உடனுக்குடன் கூறிக்கொண்டேயிருத்தலும் நன்றன்று. ஷ்மிட் முதலியோர் 1989இல் கையசைவுப் பயிற்சியொன்றை ஆராய்ந்தனர். முயற்சிதோறும் முடிவு கேட்டவர் பயிற்சியின்போது சிறந்து நின்றனர். இரு நாட்களின் பின் துணையின்றிச் செய்தபோதோ, பதினைந்து முயற்சிகளுக்கு ஒருமுறை தொகுத்துக் கேட்டவரே விஞ்சினர். சுவையறிதல் வேறு தொழிலாயினும், இவ்வெச்சரிக்கை ஆங்கும் கொள்ளத்தக்கது.

ஆகவே, பயில்வோன் முதலில் தானே சுவைத்து, குறை யாது, எப்படியில் நேர்ந்தது, ஏன் என எழுதுக. பின்னரே டீமேக்கர் தம் தீர்ப்பைக் கூறி, அன்றைய குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுக் காட்டுக. இரவு வேளையில் உலர்த்தியின் அருகே தனித்து நிற்பவனுக்கு விடை கூற எவருமிலர். அப்பொழுது துணையாவது தானே ஆராய்ந்து பழகிய பழக்கமே. நம் வகுப்பறைகட்கும் இது பொருந்தும்.