பதின்மூன்று வயதில் முதுமை

பாவித்த ஜப்பானியக் கார்களில் ஏறிப் பழகியவர்களுக்கு அந்தப் பெண் குரல் பரிச்சயமானது. திறப்பைத் திருகியதுமே ஜப்பானிய மொழியில் ஒரு வசனம் சொல்லிவிட்டு அடங்கிவிடும். அந்நாட்டின் அதிவேகப் பாதைகளில் கட்டணம் செலுத்துவதற்கான அட்டை செருகப்படவில்லை என்பதே அதன் முறைப்பாடு. கொழும்பிலும் கல்முனையிலும் அந்த அட்டைக்கு வேலையே இல்லை என்பது அதற்குத் தெரியாது. வானொலியின் கதையும் இதுதான். ஜப்பானில் பண்பலை ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய கார்களின் வானொலிகள் 90 வரையே பிடிக்கும். நமது நிலையங்களிற் பெரும்பாலானவை அதற்கு மேலேதான் இருக்கின்றன.

இவ்வளவு நல்ல கார்களை அவர்கள் ஏன் விற்றுவிடுகிறார்கள்? சென்ற வருட விடுமுறையில் வாப்பாவுடன் யொகொஹாமாவுக்குப் போனபோது, அங்கே பல வருடங்களாக வசிக்கும் மாமாவிடம் நான் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

“சட்டம் விற்க வைக்குது மகள்” என்றார் மாமா.

அங்கே ‘ஷாக்கென்’ என்றொரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் கார் வாங்கி மூன்று வருடங்களில் முதற் பரிசோதனை, அதன்பின் இரண்டு வருடங்களுக்கு ஒரு முறை. பிரேக், விளக்கு, புகை, சில்லுகளின் நேர்த்தி என்று ஒன்றையும் விடமாட்டார்கள். வரி, காப்புறுதி, திருத்த வேலை எல்லாம் சேர்ந்தால் செலவு ஓர் இலட்சம் யென்னையும் தாண்டிவிடும். இது போதாதென்று, பெற்றோல் கார் ஒன்று பதின்மூன்று வருடங்களைக் கடந்தால் அதன் வருடாந்த வரியும் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுகிறது. நமது ஊரில் பதின்மூன்று வயதுக் காரை ‘புதுசு மாதிரி’ என்போம். அங்கே அது முதுமையடைந்துவிட்டது. அப்படி வெளியேறும் கார்களில் ஒரு பகுதி, இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் நம்மைப் போன்ற நாடுகளுக்குக் கப்பலேறுகிறது.

கார் வாங்குவதும் அங்கே இலேசல்ல. பெரும்பாலான இடங்களில், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் தரிப்பிடம் இருப்பதாகப் பொலிஸாரிடம் அத்தாட்சி பெற்றாக வேண்டும். இரவில் வீதியோரம் விட்டுவிட்டுத் தூங்க முடியாது. ஆகவே சிறிய கார்களுக்கு அங்கே பெரும் மதிப்பு. ‘கெய்’ எனப்படும் வகையில் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் என்ஜின் 660 சீ.சீ.யையும் தாண்டக் கூடாது. தனியார் பாவனைக்கானவை மஞ்சள் நிற இலக்கத்தகட்டால் அடையாளம் காணப்படும். நமது வீதிகளில் நெளிந்தோடும் வெகன் ஆர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் செலவுக்கும் நடுவே பழைய காரை விற்காமல் வைத்திருப்பவர் யார்? அவர்களைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா எங்களை டைக்கொக்கு வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துச் சென்றார். யொகொஹாமா துறைமுகப் பகுதியில், அதிவேகப் பாதைகள் சுருள் சுருளாக வளைந்து இறங்கும் இடத்தின் நடுவே அது இருக்கிறது. நடந்து போக வழியில்லை. பாதைக் கட்டணம் செலுத்தி வாகனத்தில்தான் போகலாம். பயணிகள் இளைப்பாறக் கட்டிய அந்த இடம் கார்ப் பிரியர்களின் சந்தையடியாகிவிட்டது. வார இறுதி இரவுகளில் கூட்டமும் சத்தமும் அளவு மீறினால் பொலிஸார் வந்து மூடிவிடுவார்களாம்.

நாங்கள் போன நேரம் எனக்கு வியப்பாக இருந்தது அங்கிருந்த அமைதிதான். நிசான் ஸ்கைலைன், சுழலும் என்ஜின் கொண்ட மஸ்டா ஆர்எக்ஸ்-7 என்று வரிசையாக நிற்கின்றன. யாரும் மற்றவரின் காரைத் தொடுவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறார்கள். உரிமையாளர் தலையசைத்த பிறகே படம் எடுக்கிறார்கள். ஒருவர் மென்மையான துணியால் கதவின் கைபிடியை மாத்திரம் கால் மணி நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வரிசையில் ஒரு பழைய டொயோட்டா கொரொல்லாவைக் கண்டதும் வாப்பா நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் இருப்பது 1984ஆம் ஆண்டின் டீ.எக்ஸ். வெகன். இரண்டும் ஒரே தலைமுறை. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்ட பின் அதைவிட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. 2025இல் மீண்டும் அனுமதி கிடைத்ததிலிருந்து, “இதை வித்துப் போட்டு ஒரு சின்னக் காராவது எடுங்களேன்” என்று உம்மா சொல்லி வருகிறார். உம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மழை நாளில் பின்கதவால் தண்ணீர் வரும்.

வாப்பா தொலைபேசியில் எங்கள் வெகனின் படத்தைக் காட்டினார். அந்த முதியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு நண்பர்களைக் கூப்பிட்டார். உதிரிப்பாகம் எங்கே எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதை மாமா மொழிபெயர்த்தார். பஞ்சிகாவத்தையைப் பற்றி வாப்பா சொல்லச் சொல்ல, அவர்கள் ஆளுக்கொரு பக்கம் தலையாட்டினார்கள். டொயோட்டாவும் நிசானும் தமது சில புகழ்பெற்ற பழைய ரகங்களுக்கு உதிரிப்பாகங்களை மீண்டும் தயாரிக்கின்றன. ஆனால் இது போன்ற சாதாரணக் குடும்பக் காருக்கு யார் தயாரிக்கப் போகிறார்கள் என்பது முதியவரின் கவலை. அவர் அதை வைத்திருப்பது ஆசையால். நாங்கள் வைத்திருந்தது தேவையால். வாப்பாவின் முகத்தைப் பார்த்தபோது அப்படிப் பிரித்துச் சொல்வது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அங்கே ஓர் இளம்பெண்ணையும் கண்டேன். மஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றின் முன்மூடியைத் திறந்து எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் பச்சையும் மஞ்சளுமான இலை அடையாளம். சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று ஒரு வருடம் ஆகும்வரை அதைக் கட்டாயம் ஒட்ட வேண்டும். அவளைச் சுற்றி யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அதை நான் வெகுநேரம் கவனித்தேன்.

எல்லாம் இப்படி ஒழுங்கானவை என்று சொல்ல மாட்டேன். இரவில் மலைப்பாதைகளில் போட்டியிட்டு ஓட்டும் பழக்கமும் இதே ஆர்வத்திலிருந்து வந்ததுதான். 1995இல் தொடங்கிய ‘இனிஷியல் டீ’ என்ற சித்திரக்கதையில், தோஃபு கொண்டுபோகும் இளைஞன் ஒரு பழைய டொயோட்டாவில் மலையிறங்கி எல்லோரையும் வெல்கிறான். கதையில் வரும் மலைக்கு மாதிரி குன்மா மாகாணத்தின் ஹருனா மலை. கதையாகப் படிக்கலாம். எதிரே வருபவரும் ஒருவரின் பிள்ளை என்பதை நினைத்தால் எனக்கு அதில் இரசிக்க ஒன்றுமில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் நகோயாவுக்கு அருகே நகாகுத்தேயிலுள்ள டொயோட்டா அருங்காட்சியகத்துக்கும் போனோம். கடைசித் தூரத்தைக் காந்த விசையால் மிதந்தோடும் ரயிலில் கடக்கலாம். அங்கே டொயோட்டாவின் முதற் பயணிகள் காரான 1936ஆம் ஆண்டின் ‘ஏஏ’ கறுப்பாக மினுங்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அது பின்னாளில் செய்த பிரதி. உலகில் எஞ்சியிருப்பதாக அறியப்பட்ட ஒரே அசல் ‘ஏஏ’ ஜப்பானிலேயே இல்லை. ரஷ்யாவில், வேறு வாகனங்களின் பாகங்கள் பொருத்தப்பட்டு உருமாறிய நிலையில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகர அருங்காட்சியகமொன்றில், பழுதுபார்த்துப் புதிதாக்காமல், வந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

மாமா இதைச் சொன்னதும் வாப்பா பிரதியை இன்னொரு முறை சுற்றி வந்தார். “அப்ப அங்கயும் ஆரோ பஞ்சிகாவத்தையில சாமான் தேடியிருக்காங்க” என்றார்.