மருத்துவமனைச் சேர்க்கைக் கட்டளையின் மொழியமைதி

நோயாளி ஒருவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பெறும்பொழுது, அவருக்குச் செய்யவேண்டுவன அனைத்தையும் மருத்துவர் தாளிலோ கணிப்பொறியிலோ எழுதிவைக்கின்றார். அதனைச் சேர்க்கைக் கட்டளை எனலாம். எழுதியவர் அகன்றபின், இரவுப் பணியிலுள்ள செவிலியரும் மருந்தாளரும் உணவு அனுப்புவோரும் அதனைப் படித்தே இயங்குவர். செய்யுள் ஒன்றற்கு உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் காணின், அதனை நயம் எனக் கொண்டு பழகியவர் யாம். சேர்க்கைக் கட்டளைக்கு இரு பொருள் தோன்றுமாயின் நோயாளி இறக்கவும் கூடும். உரை வேண்டாது நிற்றலே இவ்வெழுத்தின் இலக்கணம் என்பது எம் கருத்து.

இதயம் வலுவிழந்து, கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் நிலையில் வந்த முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடலில் தேங்கிய நீரை வெளியேற்றுதலே முதற்பணி. வீட்டில் அவர் ஃபியூரோசிமைடு என்னும் நீர்போக்கி மருந்தை 40 மில்லிகிராம் வீதம் நாளும் இருமுறை உண்டுவந்தவர் எனக் கொள்க. ‘ஃபியூரோசிமைடு கொடுக்க’ என்று மட்டும் எழுதின், அது நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் வைத்த குன்றக் கூறலாம். அளவு, வழி, வேளை என்னும் மூன்றும் இல்லை. குடற்சுவரிலும் நீர் கோத்திருக்குமாதலால் மாத்திரை மெல்லவே உடலிற் சேரும். எனவே சிரை வழியே செலுத்த வேண்டும். ‘ஃபியூரோசிமைடு 80 மில்லிகிராம், சிரை வழி, காலை 8 மணி, மாலை 4 மணி’ என்பது நிறைவுடைய கட்டளை. மாலை 4 மணி என்றது, நோயாளி இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழாதிருத்தற்பொருட்டு. இம்மருந்தை இடைவிடாது செலுத்துவதற்கும் வேளைதோறும் செலுத்துவதற்கும் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்பது, 308 நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வாற் புலனாயிற்று.

மயங்க வைத்தல் என்னும் குற்றம் பெரும்பாலும் குறுக்கங்களால் வருகின்றது. ‘க்யூ.டி.’ என்னும் இலத்தீன் குறுக்கம் நாள்தோறும் ஒருமுறை எனப் பொருள்படும், ‘க்யூ.ஐ.டி.’ என்பதோ நாளொன்றுக்கு நான்கு முறை. இடையிலுள்ள புள்ளி சற்றே நீண்டால் ஒன்று நான்காகிவிடும். எண்களிலும் இவ்விடர் உண்டு. குருதி உறையாமற் காக்கும் வார்ஃபரினை 1.0 மில்லிகிராம் என எழுதி, புள்ளி மங்கினால் 10 ஆகும். பதின்மடங்கு மருந்து உட்சென்றால் மூளையிற் குருதிக் கசிவு நேரலாம். இதுபற்றியே, அமெரிக்க மருத்துவமனைகளுக்கு ஏற்பு வழங்கும் கூட்டு ஆணையம் 2004-இல் எழுதத்தகாத குறுக்கங்களின் பட்டியலை நடைமுறைப்படுத்தியது. மேற்கூறிய க்யூ.டி.யும் முழு எண்ணின் பின் புள்ளியிட்டு எழுதும் சுழியும் அதனுள் அடங்கும். புள்ளிக்கு முன் சுழியின்றி எழுதுதலும் அவ்வாறே விலக்கப்பட்டது. ஒரு சுழியை ஓரிடத்து விலக்கி மற்றோரிடத்து விதித்த இந்நுட்பம் புணர்ச்சி விதிகளிற் பழகியோர்க்கு எளிதில் விளங்கும்.

‘வீட்டு மருந்துகள் அனைத்தையும் தொடர்க’ என்பது நாகரிகமான வாக்கியமே, ஆயினும் எழுதத்தகாதது. அம்மருந்துகளுள் மூட்டுவலிக்கான ஐபுப்ரோஃபென் இருக்குமாயின், அது சிறுநீரகத்தை உப்பும் நீரும் தேக்கச் செய்யும். நீரை வெளியேற்றுக என்று ஒரு வரியும், தேக்குக என்று மற்றொரு வரியும் ஒரே தாளில் நிற்கும். மாறுகொளக் கூறலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை.

‘தேவையெனில் ஆக்சிஜன்’ என்பதும் இத்தன்மைத்தே. தேவையை அறுதியிடுவார் யார்? மாரடைப்பு ஐயத்துடன் வந்த 6629 பேரிடம் சுவீடனில் நிகழ்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, குருதியில் ஆக்சிஜன் செறிவு நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் உடையார்க்கு வெளியிலிருந்து தரும் ஆக்சிஜனால் ஓராண்டு இறப்பு குறையவில்லையெனக் காட்டிற்று. ஆகவே எம் முதியவர்க்கும் ‘செறிவு 90-க்குக் குறையின் ஆக்சிஜன்’ என எழுதுதலே தகும். ‘சிறுநீர் முதல் 6 மணி நேரத்தில் மணிக்கு 100 மில்லிலிட்டருக்குக் குறையின் மருத்துவரை அழைக்க’ என்பதும் அத்தகையது. எண்ணில்லா நிபந்தனை செவிலியர் தலையிற் சுமையாய் வீழும்.

எடை பார்த்தல் எளிதெனத் தோன்றும். ஆயின் பிழை மலிவது அங்கேயே. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் ஆதலால், நீர் வடிந்ததை எடையே காட்டும். ஒருநாள் சக்கர நாற்காலியோடும் மறுநாள் அஃதின்றியும் நிறுத்தால் நோயாளி ஒரே இரவில் மெலிந்துவிடுவார், தாளில் மட்டும். ‘நாள்தோறும் காலை 6 மணிக்கு, சிறுநீர் கழித்தபின், உணவுக்குமுன், அதே நிறைகோலில் நிறுக்க’ என விரித்தல் மிகைபடக் கூறல் ஆகாது. நீரையும் உப்பையும் கடுமையாகக் குறைக்கும் கட்டளையோ வழக்கத்தால் வருவது. பிரேசில் நாட்டில் 75 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், அக்கட்டுப்பாட்டால் எடை கூடுதலாகக் குறையவில்லை. நீர் வேட்கையே மிகுந்தது.

இக்கட்டளைகளைத் தமிழில் எழுதப்புகின் எவ்வினை ஏற்றது? ஏவல் எதிர்நிற்கும் முன்னிலையாரை நோக்கியது. இங்கோ எழுதுவோன் படிப்போரை அறியான். வியங்கோளைத் தொல்காப்பியர் பெரும்பாலும் படர்க்கைக்கே உரித்தாக்கினார். நன்னூலார் எல்லா இடத்திற்கும் பாலுக்கும் பொதுவாக்கினார். இருவருள் யாரைப் பின்பற்றினும், இன்னார் என அறியப்படாத பணியாளர்க்கு வியங்கோளே பொருந்தும். ‘நிறுக்க’, ‘அழைக்க’ என யாம் மேலே எழுதியதும் அதுபற்றியே.

எதிர்மறை வியங்கோளுக்கு இத்தாளில் ஓரிடம் உண்டு. இதயம் நின்றுவிடின் மார்பை அழுத்தி உயிர்மீட்பு முயல்க என்பதோ முயலற்க என்பதோ, நோயாளி தெளிவோடிருக்கும்பொழுதே அவரைக் கேட்டு எழுதப்பட வேண்டும். மற்றைய வரிகள் மருத்துவர் துணிபு. இது ஒன்றே நோயாளியின் விருப்பம். இவ்வரியை வெற்றிடமாக விட்டால் மருத்துவமனைகள் பொதுவாக ‘முயல்க’ என்றே கொள்ளும். அவ்வாறு நேர்ந்தால், முயலற்க என்று சொல்ல விரும்பிய முதியவரின் விலா எலும்புகள் நள்ளிரவில், அவரை ஒருபோதும் கண்டிராத ஒருவர் கையில் முறியக்கூடும். கேட்பதற்கு மாலையிற் சில நிமிடம் போதியதாயிருந்திருக்கும்.