640 கன அடி எப்படி 417 ஆகிறது?

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்தில் ஒருவர் 1,000 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட வேண்டிய கான்கிரீட் 417 கன அடி. அந்தப் பக்கத்தில் தாப்பி மேஸ்திரி என்று அழைக்கப்படும் கொத்தனார், ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவைக்குப் பட்டியல் சொல்வார்: சிமென்ட் 95 மூட்டை, மணல் ஒன்றே முக்கால் யூனிட், முக்கால் இன்ச் ஜல்லி மூன்றரை யூனிட். சேதாரம் தனி. யூனிட் என்பது 100 கன அடி. 50 கிலோ சிமென்ட் மூட்டை சுமார் 35 லிட்டர், அதாவது 1.24 கன அடி அளவு பிடிக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 640 கன அடி வருகிறது. தளத்தில் இறங்குவதோ 417. மிச்சம் 220 கன அடிக்கு மேல் எங்கே போயிற்று?

யாரும் திருடவில்லை. அத்தனையும் காற்று.

ஒரு வாளியில் ஜல்லியை விளிம்பு வரை நிரப்பி, தண்ணீரை அளந்து ஊற்றிப் பாருங்கள். வாளியின் கொள்ளளவில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் தண்ணீர் உள்ளே போகும். லாரியில் வந்து இறங்கும் ஜல்லிக் குவியலில் கல் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அந்த இடைவெளிகளில் மணல் புகுகிறது. மணலுக்கு நடுவே உள்ள சந்துகளில் சிமென்ட் புகுகிறது. சிமென்ட் துகள்களுக்கு இடையே தண்ணீர். ஒன்றுக்குள் ஒன்று குடியேறுவதால்தான் குவியல்களின் கூட்டுத்தொகை சுருங்குகிறது. ஈரக் கான்கிரீட்டின் அளவை 1.54 ஆல் பெருக்கி உலர்ந்த பொருள்களின் அளவைக் கண்டுபிடிக்கும் பொறியாளர்களின் வழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

அதே ஊரில் வேணுகோபால சுவாமி கோயிலும், ஜமீன் காலத்துக் கந்த புஷ்கரணியும் இருக்கின்றன. குளத்தின் படிகளில் செதுக்கிய கற்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. இடைவெளியை ஒழிக்க அன்றைய சிற்பி ஒவ்வொரு கல்லையும் இழைத்துப் பொருத்த வேண்டியிருந்தது. கான்கிரீட்டில் கல்லை யாரும் இழைப்பதில்லை. பெரியதன் சந்தைச் சிறியது அடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இது கட்டடக் கலையின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாகப் படுகிறது.

இந்தக் கணக்கைக் குழப்பக்கூடியது ஈர மணல். மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் ஒவ்வொரு மணியையும் மெல்லிய நீர்ப்படலம் சூழ்ந்துகொள்கிறது. பரப்பு இழுவிசை மணிகளை நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. அதனால் மணல் கால் பங்கு வரை உப்பிவிடும். மழைக்கு மறுநாள் வாங்கும் 100 கன அடியில் உண்மையான மணல் 80 கன அடிதான் இருக்கலாம். பெட்டியால் அளந்து போட்டால் கலவையிலும் மணல் குறைந்துபோகும். ஜல்லியின் சந்துகள் அடைபடாமல், பலகை பிரித்ததும் தேன்கூடு போல் ஓட்டைகள் தெரியும். வியப்பு என்னவென்றால், இதே மணலைத் தண்ணீரில் முழுக்க மூழ்கடித்தால் உப்பல் இறங்கிவிடும். படலம் கரைந்து, மணிகள் பழையபடி நெருங்கி உட்காரும். சோதிக்க ஒரு கண்ணாடிக் குவளை போதும். ஈர மணலை 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வெளியே கொட்டிவிட்டு, குவளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி அடங்க விடுங்கள். மட்டம் 12 சென்டிமீட்டரில் நின்றால் உப்பல் 25 சதவீதம். அன்றைக்கு மணல் பெட்டியைக் கால் பங்கு கூட்டிப் போட வேண்டும்.

அந்த ஈர மணலிலேயே சிமென்ட் மூட்டைக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் வந்துவிடுகிறது. அதைக் கழிக்காமல் வழக்கம்போல் ஊற்றினால் வேறு விபரீதம். 50 கிலோ சிமென்ட் வேதிமாற்றத்தில் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் தண்ணீர் ஏறத்தாழ 12 லிட்டர். அதில் உருவாகும் பசையின் நுண்துளைகளில் தங்குவது இன்னும் ஏழெட்டு லிட்டர். அதற்கு மேல் ஊற்றுவது கலவை இளகி வர மட்டுமே உதவுகிறது. பிறகு அது ஆவியாகிப் போய்விடும், ஆனால் அது இருந்த இடம் காலியாகவே நிற்கும். நாம் மணலும் சிமென்டும் போட்டு விரட்டிய வெற்றிடத்தை, தண்ணீர் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடுகிறது. சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விதியாக்கியது: சிமென்டுக்குத் தண்ணீர் என்ன விகிதம் என்பதே பலத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்-20 கேட்கிறது. 15 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று 28 நாளில் சுமார் 45 டன் எடையைத் தாங்க வேண்டும் என்று பொருள். கையால் அளந்து கலக்கும் எம்-20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சவரம்பு. 25 லிட்டரில் நிறுத்தினால் நல்லது. சட்டியில் அள்ளி வீசச் சுலபமாக இருக்கட்டும் என்று குழாயைத் திறந்துவிடும் பழக்கத்தை வீட்டுக்காரர் நேரில் நின்று தடுக்க வேண்டும். கலவை கொஞ்சம் கெட்டியாக இருந்தால் வைப்ரேட்டரை ஒழுங்காக இறக்கினால் போதும். கான்கிரீட்டில் 5 சதவீதம் காற்று தங்கினால் பலம் 30 சதவீதம் வரை குறையலாம்.

போட்டு முடித்த பிறகு கணக்கு தலைகீழாகிறது. தண்ணீரைக் கணக்குப் பார்க்கக் கூடாது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. நீருக்கு அடியிலும் இறுகும். ஈரம் இருக்கும்வரை சிமென்டிலிருந்து புதிய பசை வளர்ந்து நுண்ணிய சந்துகளை அடைத்துக்கொண்டே போகும். ஈரம் வற்றினால் வளர்ச்சி நின்றுவிடும். சித்திரை வெயில் கொளுத்தும் சித்தூர் மாவட்டத்தில் தளம் ஒரே பகலில் வெளுத்துப்போகும். ஆகவே மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சாதாரண சிமென்டுக்கு 7 நாளாவது வேண்டும். வறண்ட வெப்பத்திலும் கலப்புச் சிமென்டிலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. முட்டுகளை எடுக்கவும் காலம் உண்டு: நான்கரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் அகலமென்றால் 14 நாள்.